இரும்பும் அகமும்

தொல்காப்பியத்து அகத்திணையியலை மாணாக்கருக்குப் பாடஞ்சொல்லத் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ‘அகம்’ என்னும் சொல்லுக்கு எத்தனை முறை பொருள் விரித்திருப்பேன் என்று கணக்கிட இயலாது. ஒத்த அன்பினர் இருவர் தம் உள்ளத்துள்ளே நுகர்வது. நுகர்ந்தவராலும் இத்தன்மைத்தென்று பிறர்க்கு எடுத்துரைக்க இயலாதது. அதனாலேயே அப்பாட்டுகளில் எவர் பெயரும் சுட்டப்படுவதில்லை. ஆண்டுதோறும் இவ்வாறு சொல்லிச் சொல்லி, அச்சொல் என் வாயிலே கைமாறித் தேய்ந்த காசுபோல் வழவழப்பாகிவிட்டது. சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது, அதே சொல்லை என் மகன் தன் கைத்தொலைபேசியின் திரையிலே எனக்குக் காட்டினான்.

“வாப்பா, ஒருக்கா இதைக் கேளுங்களேன். பேரு உங்கட பாடத்துப் பேருதான்” என்றான்.

எங்களிருவருக்குமிடையே இசையைப் பற்றிய பேச்சு நின்று ஆறு ஆண்டுகளாகியிருந்தன. அவன் உயர்தர வகுப்பிற் படித்த காலத்தில், ஓரிரவு அவனுடைய அறையிலிருந்து எழுந்த பேரொலி சுவரைத் துளைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தது. கதவைத் திறந்து, “இது இசையா, இரும்புக்கடையா? இந்த வீட்டில் இது வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. மறு கிழமை, காதை முழுவதும் மூடும் ஒலிப்பான் ஒன்றை வாங்கிக்கொண்டான். அவனுடைய காதோடு வாயும் மூடிக்கொண்டது என்பதை நான் உணர நெடுநாளாயிற்று. இப்பொழுது அவன் பொறியியல் படித்து முடித்து, கட்டார் நாட்டில் வேலை கிடைத்து, புறப்பட இரண்டு கிழமையே இருந்தது. அந்த நிலையில்தான் இந்த அழைப்பு வந்தது. மறுக்கும் துணிவு எனக்கு இல்லை.

அவன் காட்டியது ‘அகம்’ என்னும் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுதி. 2012இல் வெளிவந்தது. ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ என்று பெயர். உள்ளிருக்கும் ஆன்மா விழித்தெழுகின்றது என்று பொருள்கொள்ளலாம். குழுவினர் பெங்களூரைச் சேர்ந்தவர்கள். 2003ஆம் ஆண்டளவில் ஒன்றுகூடி, 2007இல் சன் தொலைக்காட்சி நடத்திய இசைப்போட்டியொன்றில் வென்று பெயர் பெற்றவர்கள். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடி வயலினும் வாசிக்கிறார். பிரவீண் குமார் கிற்றார். கணேஷ் ராம் நாகராஜன் மேளத்தொகுதி. சுவாமி சீதாராமன் விசைப்பலகை. இவர்களிற் பலர் பகலிலே கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இத்தொகுதியை ஆக்கினர் என்று மகன் சொன்னபோது எனக்கு அவர்கள்மேல் முதன்முதலாக ஒரு மதிப்பு உண்டாயிற்று. பகலிலே பாடஞ்சொல்லி இரவிலே செய்யுள் எழுதிய உபாத்தியாயர் பரம்பரையில் வந்தவன் நான்.

இவர்கள் தம் இசையைக் கர்நாடக ‘புறோகிறசிவ்’ றொக் என்கிறார்கள். அதற்கு அடுத்த வீடுதான் ‘புறோகிறசிவ் மெற்றல்’. மகன் ஆறாண்டுகளாக மூடிய காதுக்குள்ளே கேட்டுவந்தது அது. ‘முற்போக்கு உலோக இசை’ என்று மொழிபெயர்த்தேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், என் சிரிப்புக்குக் காரணம் வேறு. ‘முற்போக்கு’ என்ற சொல்லைக் கேட்டால் இந்நாட்டுப் பண்டிதக் கூட்டத்துக்கு ஒரு பழைய தழும்பு அரிக்கும். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதும், 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் மூண்டதும், பாத்திரங்கள் பேசுகிறபடியே எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ என்று எங்கள் முன்னோர் இகழ்ந்ததும் வாசகர் அறிந்தவையே. அந்தப் போரிலே தோற்றவர் நாங்கள். தோற்றதும் நன்றே என்பது என் கருத்து. மேலே மகன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதியது அதனாலேதான். ‘இரும்புக்கடை’ என்று நான் சொன்னது ‘இழிசனர் வழக்கு’ என்று அவர்கள் சொன்னதன் பேரப்பிள்ளை என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது.

இரும்புக்கடை என்று நான் ஏசியது வரலாற்றின்படி முற்றும் பிழையன்று என்பதையும் அன்றே அறிந்தேன். இங்கிலாந்திலே பேர்மிங்காம் என்னும் தொழில்நகரம். 1965இல், தகரத் தகடு செய்யும் தொழிற்சாலையொன்றில், ரோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞனுக்கு அது வேலையின் கடைசி நாள். அன்றைக்கென்று இயந்திரம் அவனுடைய வலக்கையின் இரு விரல்நுனிகளைக் கொய்துவிட்டது. அவன் இடக்கைப் பழக்கமுடையவன். கிற்றாரின் நரம்பை அழுத்தவேண்டியது அந்த வலக்கையே. வாசிப்பு முடிந்தது என்று சோர்ந்திருந்தவனுக்குத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்த ஜாங்கோ, தீயிலே கருகிய இடக்கையில் இரண்டு விரலை மாத்திரம் கொண்டு வாசித்தவர். அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறைகள் செய்தார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர் நோவு குறையுமாறு சுருதியையும் தாழ்த்தினார். ‘பிளாக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் ‘மெற்றல்’ என்று வழங்கும் இசையின் தாழ்ந்த, கனத்த ஒலி அந்த வெட்டுண்ட விரல்களிலிருந்து பிறந்தது என்பர். மருதமுனையிலே பிறந்த ஒருவனுக்குத் தறியின் ஒலி எப்படியோ, பேர்மிங்காமிலே பிறந்தவனுக்கு இயந்திரத்தின் ஒலி அப்படி. பிறந்த ஊரின் சத்தத்தைத்தான் மனிதன் தாளமாக்குகிறான்.

பிறகு 1985இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து பேர்க்லி இசைக்கல்லூரி மாணவர் மூவர், இந்த இரும்பொலியோடு சிக்கலான தாளக்கட்டையும் நீண்ட கதைப்போக்கையும் பிணைக்கத் தலைப்பட்டனர். அவர்களே ‘ட்ரீம் தியேற்றர்’ குழுவினர். அவர்களுடைய முதல் தொகுதி 1989இல் வந்தது. நம் பக்கத்திலும் இவ்வகையினர் இல்லாமலில்லை. சிங்கப்பூரிலே 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’ வேதாந்தத்தை இடிமுழக்கத்திலே பாடுகிறது. கொழும்பின் ‘ஸ்ரிக்மாற்றா’ 2003இல் தன் முதல் தொகுதியை வெளியிட்டது. இவற்றையெல்லாம் நான் கேட்டேனல்லேன். மகன் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

இஷாத் தொழுகை முடிந்து இருவரும் திண்ணையில் அமர்ந்தோம். கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் சற்றுத் தூரம்; காற்று கீழ்ப்பக்கமிருந்து வீசினால் அலையொலி நன்கு கேட்கும். அவன் தன் ஒலிப்பானை என் தலையில் மாட்டவில்லை. சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கொணர்ந்து நடுவிலே வைத்தான். “தாளத்தை மட்டும் முதல்ல எண்ணிப் பாருங்க, வாப்பா” என்றான். பயிற்சிக்காக ‘பிங்க் ஃபுளோயிட்’ குழுவின் ‘மணி’ என்னும் 1973ஆம் ஆண்டுப் பாட்டைச் சிறிது ஒலிக்கவிட்டான். நாலு நாலாக எண்ணினேன், கணக்கு இடறியது. மீண்டும் எண்ணினேன். ஏழு! மிஸ்ர நடை. “தகிட தகதிமி” என்று நான் விரல்விட்டதைக் கண்டு அவன் வியந்தான். மேலைநாட்டு றொக் இசை பெரும்பாலும் நான்கிலே நடப்பது; ஐந்தும் ஏழும் ஒன்பதும் அங்கே புதுமை, அதனாலேயே அது முற்போக்கு. நமக்கோ அவை பழைய சொத்து. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்தார். அருணகிரிநாதர் சந்தத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். அவர் வழியைப் பின்பற்றி, காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகம் அவர்கள்மீது ஒரு திருப்புகழ் பாடினார். என் பாட்டனார் சுபஹுக்குப் பிறகு அதை ஓதும்போது, சொல் விளங்காத வயதிலும், அந்த ஓட்டத்திலே என் கால் தானே ஆடும். இதை மகனிடம் சொன்னேன். இருபத்துமூன்று வயதுவரை நான் அவனுக்கு இதைச் சொன்னதேயில்லை.

பின்பு ‘அகம்’ தொடங்கியது.

முதலிற் சில நிமிடங்கள் நான் எதையும் கேட்கவில்லை என்பதே உண்மை. தாழ்ந்த நரம்புகள் ஒருங்கே அதிர்ந்தபோது நெஞ்சு இறுகியது. உள்ளங்கை வியர்த்தது. மகன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். “பிடிக்கல்லையா, வாப்பா?” என்றான். பிடிக்காமை வேறு, இது வேறு. அதை அவனுக்குச் சொல்லவேண்டிய வேளை வந்துவிட்டது என்று தோன்றியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று எங்கள் வீடு கடற்கரைக்கு அண்மையில் இருந்தது. அலை வருமுன் அதன் ஒலி வந்தது. பலர் அதைப் புகைவண்டி என்பர், விமானம் என்பர். எனக்கு அது நூறு இரும்புத் தகடுகளைத் தரையிலே இழுத்துவருவது போலிருந்தது. இரண்டு வயதான மகனைத் தோளிலே போட்டுக்கொண்டு ஓடினேன். என் உம்மாவின் கையை மறு கையிற் பிடித்திருந்தேன். மதிலருகே அந்தக் கை நழுவியது. மூன்றாம் நாள் அவரை அடக்கம் செய்தோம். அதன்பிறகு இருபது ஆண்டுகளாக, பாரவூர்தி தெருவிற் போனாலும், தகரக் கூரைமீது பெருமழை பெய்தாலும், நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன். வகுப்பு மாணாக்கர் அதைப் பண்டிதரின் கம்பீரம் என்று கருதிக்கொண்டிருந்தனர். ஆறாண்டுகளுக்கு முன் அவனுடைய அறைக் கதவைத் திறந்து நான் விரட்டியது அவனுடைய இசையை அன்று.

மகன் நெடுநேரம் வாளாவிருந்தான். பிறகு, “அப்ப ஏன் சொல்லல்ல?” என்று மட்டும் கேட்டான். இத்தன்மைத்தென்று எடுத்துரைக்க இயலாதது அகம் என்று முப்பதாண்டு கற்பித்தவனிடம் அக்கேள்விக்கு விடை இல்லை. “போடு மகன், கேட்பம்” என்றேன்.

இரண்டாம் முறை கேட்டபோது காது நிலைப்பட்டது. ‘ஸ்வான்ஸ் ஒஃப் சரஸ்வதி’ என்னும் பாடலே முதலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. சரஸ்வதியின் அன்னங்கள் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். உள்ளேயிருப்பது அம்சநாத இராகத்திலமைந்த தியாகராஜரின் ‘பண்டுரீதி’ கீர்த்தனை. அம்சம் என்பது அன்னம். தலைப்பின் குறும்பு அதுதான். அந்தக் கீர்த்தனையில் தியாகராஜர் இராமனிடம் கேட்பது வீட்டையோ பொருளையோ அன்று, காவற்சேவகன் உத்தியோகம். மெய்ம்மயிர் சிலிர்ப்பே தனக்குக் கவசம், இராமபத்தன் என்பதே மார்பில் அணியும் வில்லை, நாமமே வாள் என்கிறார். கவசமும் வில்லையும் வாளும் தரித்து நிற்கும் சேவகனின் பாட்டு அது! கச்சேரியிலே மெல்லிய தம்புராவின்மேல் அதைக் கேட்கும்போது அந்தச் சேவகனை நாம் மறந்துவிடுகிறோம். கிற்றார் இரும்பாய் முழங்க, மேளம் படையணிபோல் அடியெடுத்துவைக்க, ஹரீஷின் குரல் அதற்குமேல் ஏறும்போது, அவன் வாயிலிலே வந்து நிற்கின்றான். இந்தப் பொருத்தத்தை அவர்கள் எண்ணிச் செய்தார்களோ அறியேன், பொருத்தம் இருக்கின்றது. இராமபத்தியை முஸ்லிம் ஒருவன் சுவைப்பது எங்ஙனம் என வாசகர் சிலர் வினவக்கூடும். வகுப்பிலே கம்பராமாயணத்தைக் கற்பிப்பவனுக்கும், சீறாப்புராணத்தைச் சைவ ஆசிரியரிடம் பாடங்கேட்டவனுக்கும் அவ்வினா எழுவதில்லை.

இன்னொரு நுட்பம் என்னை மேலும் வியப்பிலாழ்த்தியது. கிற்றாரின் ஒலியைச் சிதைத்துப் பெருக்கும்போது, ஒரே வேளையில் மூன்று சுரங்களை மீட்டினால் குழம்பிக் கரகரக்குமாம். ஆகவே இவ்விசையாளர் நடுவிலுள்ள மூன்றாம் சுரத்தை நீக்கி, முதலையும் ஐந்தாவதையும் மாத்திரம் சேர்த்து மீட்டுவர். மகன் இதைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய் யாழ்நூலை எடுத்துவந்தேன். எங்கள் ஊருக்குச் சில மைல் தெற்கே, காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்திலிருந்து பழந்தமிழிசையை மீட்டெடுத்த நூல் அது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளுக்கு உறவு வகுத்த பழந்தமிழர், நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றனர். மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றனர். பகையை விலக்கிக் கிளையைக் கூட்டு! பேர்மிங்காம் தொழிலாளி காதாற் கண்டதைக் குரலும் இளியும் அறிந்த நம் பாணனும் காதாற் கண்டிருந்தான். இதிலிருந்து எல்லாம் தமிழிலிருந்தே போயின என்று நிறுவப் புறப்படுவோர் உளர்; நான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனல்லேன். நரம்பு எங்கும் நரம்பு, காது எங்கும் காது, அவ்வளவே.

‘தனஸ்ரீ தில்லானா’ சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆக்கம். அவர் வாழ்ந்தது 1813 முதல் 1846 வரை, முப்பத்துமூன்று வயது. தில்லானாவிலே பெரும்பகுதி சொற்கட்டுத்தான், பொருளில்லை. பொருளின்றிச் சொல்லில்லை என்று கற்பிக்கும் இனத்தவனாகிய எனக்குத் தில்லானாவிடம் எப்பொழுதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அந்தச் சொற்கட்டுகளை மேளமும் கிற்றாரும் ஒருங்கே வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது, என் சிறுபிராயத்திலே கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் பக்கீர் பாவாமார் றபான் தட்டி றாத்திபு நடத்தியது நினைவுக்கு வந்தது. கையிலே இரும்புக் கருவி, வாயிலே நாமம், நெஞ்சதிரும் தாளம். கூட்டத்தின் முன்வரிசையில் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரும்பின் ஒலி எனக்குக் கடலுக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. அதை நான் மறந்துபோயிருந்தேன்.

‘அகம்’ என்ற பெயர் இந்த ஆரவாரத்துக்குத் தகுமோ என்று தொடக்கத்தில் ஐயுற்றேன். அகப்பாட்டு மென்மையானது, மெல்லக் கேட்பது என்பது நம் வகுப்பறை வழக்கம். மறுநாள் வகுப்பிலே கருப்பொருள் நூற்பாவை நடத்தும்போது திடுக்கிட்டேன். தெய்வம், உணா, மா, மரம், புள் என்று தொல்காப்பியர் அடுக்கிச் செல்லும் வரிசையில், யாழுக்கு முன்னதாகவே பறை நிற்கின்றது. அகத்திணை ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு பறை உண்டு. எங்கள் நெய்தலுக்கு மீன்கோட்பறை, யாழ் விளரி, உரிப்பொருள் இரங்கல். பறையில்லாத அகத்தை நாம்தான் உண்டாக்கிக்கொண்டோம்.

குறைகளும் உள. ஒலிப்பதிவிலே எல்லாக் கருவிகளும் ஒரே வேளையில் முந்துகின்றன; தமிழ்ச் சொற்கள் வருமிடத்திற்கூடச் சில சொற்களைப் பிடிக்க மும்முறை கேட்கவேண்டியிருந்தது. கிற்றாரின் தனியோட்டம் சில இடங்களில் நீண்டு, விரலின் வேகத்தைக் காட்டுவதே நோக்கமோ என எண்ணச்செய்கிறது. கர்நாடக வித்துவான்களிடமும் இந்நோய் உண்டு. பாடல்கள் சிலவற்றுக்கு ஆங்கிலத் தலைப்பு இடுவானேன் என்பதும் எனக்கு விளங்கவில்லை. தமிழ்ப் பெயர் பூண்ட குழுவுக்குத் தமிழ்த் தலைப்புக்கா பஞ்சம்? மகனோ, “தலைப்பைத் தமிழில வச்சா பிரேசில்காரன் எப்படித் தேடுவான், வாப்பா?” என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். நான் ஒப்பவில்லை.

அத்தொகுதியிலே ‘போட் சோங்’ என்று ஒன்று உண்டு. மலையாள நாட்டு வஞ்சிப்பாட்டைத் தழுவியது. துடுப்புகள் ஒன்றாக நீரிலே விழும் நடை. இங்கே கரைவலை இழுக்கும்போது எங்கள் மீனவர் பாடும் அம்பாவும் அதே காரணத்துக்காகப் பிறந்ததே. பல கை ஒரு கையாவதற்கு. அன்றிரவு அதுவே கடைசியாக ஒலித்தது. நள்ளிரவு கடந்திருந்தது. என் மனைவி இரண்டுமுறை வந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு பேருக்கும் என்ன பிடிச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பாட்டு முடிந்ததும் உண்மையான கடலின் ஒலி கேட்டது. அதை நான் எழுந்து போகாமற் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகன் இப்பொழுது தோஹாவிலே இருக்கிறான். அந்தப் பெரிய ஒலிப்பானை எனக்கு விட்டுச் சென்றிருக்கிறான். அதற்கு மின்னேற்றும் விதத்தை என் மாணாக்கன் ஒருவன் வந்து காட்டித் தந்தான், “சேர், நீங்களும் இதக் கேக்கிறதா?” என்று அவன் வாய்பிளந்ததை ஊர் முழுவதும் பரப்பியுமிருக்கிறான். அக்குழுவின் இரண்டாம் தொகுதி 2017இல் வந்ததாம். ‘எ ட்ரீம் ரு றிமெம்பர்’ என்று பெயர். அதைத் தனியே கேட்கவேண்டாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தொலைபேசியில் இருவருமாகக் கேட்போம் என்று எழுதியிருக்கிறான். யாழ்நூலின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புமாறும் கேட்டிருக்கிறான்.